டேனிஷ் மூதாதையைத் தேடப்போகிறீர்களா? முதலில் ஊர், அப்புறம்தான் பெயர்

எல் அண்ட் டி என்ற பெயரைக் கேள்விப்படாத ஆள் நம் ஊரில் இருக்க மாட்டார். அதில் உள்ள 'எல்' லார்சன். 1938-இல் பம்பாயில் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய இரண்டு டேனிஷ் பொறியாளர்களில் ஒருவர் ஹென்னிங் ஹோல்க்-லார்சன். லார்சன் என்றால் 'லார்ஸின் மகன்', அவ்வளவுதான். ஏதோ ஒரு தலைமுறையில் லார்ஸ் என்று ஒருவர் இருந்தார் என்பதைத் தாண்டி அந்தப் பெயர் எதுவும் சொல்லாது. டென்மார்க்கில் லார்ஸின் மகன்களும் யென்ஸின் மகன்களும் நீல்ஸின் மகன்களும் தெருவுக்குத் தெரு உண்டு. வெறும் லார்சன் என்றால் 'எந்த லார்சன்?' என்று கேட்பார்கள் என்றுதான் பலர் முன்னால் இன்னொரு பெயரையும் ஒட்டிக்கொண்டார்கள்.

நான் இந்த வேலையில் இறங்கியது நண்பர் ஒருவருக்காக. அவர் மனைவி அமெரிக்காவில் பிறந்தவர், கொள்ளுத்தாத்தா டென்மார்க்கிலிருந்து போனவர். பெயரைக் கொடுத்தார்கள். தேடுபெட்டியில் போட்டேன். அதே பெயரில் ஆயிரக்கணக்கானோர் வந்து விழுந்தார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் உறைத்தது, நான் பெயரைத் தேடியதே தப்பு என்று. டேனிஷ் ஆவணங்கள் ஊர்வாரியாக அடுக்கப்பட்டவை. ஊர் கையில் இருந்தால் ஒரே இரவில் இரண்டு தலைமுறை ஏறிவிடலாம். ஊர் இல்லாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது.

டென்மார்க்கில் குடியேறிய ஈழத்தமிழ் வீடுகளுக்கு டேனிஷ் மருமகளோ மருமகனோ வந்து, பேரப்பிள்ளைகள் இரண்டு வழியையும் கேட்கிற காலம் இது. அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒரு சொல் முன்கூட்டியே: டேனிஷ் வார்த்தைகளை எழுத்துக்கூட்டியபடி தமிழில் தருகிறேன். டேனிஷ்காரர் வாயில் அதில் பாதி எழுத்து விழுங்கப்பட்டுவிடும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பெயர் விளையாட்டு

மேற்கத்திய நாட்டுக்காரர்கள் இந்த இடத்தில் திணறுவார்கள், நமக்கு அந்தச் சிரமம் இல்லை. கந்தசாமி மகன் க. முருகன், முருகன் மகள் மு. வள்ளி. குடும்பப் பெயர் என்று ஒன்று தொடர்ந்து வராது, அப்பா பெயர்தான் ஒட்டும். டேனிஷ் கிராமத்திலும் இதே கதைதான். யென்ஸ் நீல்சனின் மகன் பேடர் என்றால் அவன் பேடர் யென்சன். மகள் மாரன் என்றால் அவள் மாரன் யென்ஸ்தாட்டர். 'சென்' மகன், 'தாட்டர்' மகள். கல்யாணம் ஆனாலும் மாரனின் பெயர் மாறாது. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை, சாவுப் பதிவில்கூட அவள் யென்ஸ்தாட்டர்தான். பெண்வழி தேடுகிறவர்களுக்கு இது பெரிய வரம்.

சிக்கல் 1828-இல் ஆரம்பிக்கிறது. ஞானஸ்நானத்தின்போதே பிள்ளைக்கு நிலையான குடும்பப் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும் என்று அந்த ஆண்டு ஆணை வந்தது. பாதிரிகள் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டார்கள், மக்கள் பழைய வழக்கத்திலேயே போனார்கள். 1856-இல் மறுபடி ஒரு ஆணை. ஆகவே 1828-க்கும் 1870-களுக்கும் நடுவில் பிறந்தவர் உங்கள் ஆள் என்றால், அண்ணன் ஒரு பெயரிலும் தம்பி இன்னொரு பெயரிலும் இருக்கலாம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பெண்பிள்ளைகளும் 'தாட்டர்' போய் 'சென்' ஆனது இந்தக் காலத்தில்தான். 1904-இல் 'சென்' பெயரை எளிதாக மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. அப்போது பலர் பண்ணையின் பெயரையோ ஊர்ப் பெயரையோ எடுத்துக்கொண்டார்கள்.

உலகமே அறிந்த ஒரு ஆளை வைத்துப் பார்க்கலாம். தேவதைக் கதைகள் எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன், 1805 ஏப்ரல் 2 அன்று ஓடென்ஸ நகரில் பிறந்தவர். தாத்தா ஆண்டர்ஸ் ஹான்சன். அதனால் அப்பா ஹான்ஸ் ஆண்டர்சன், செருப்புத் தைக்கும் தொழில். கணக்குப்படி மகன் 'ஹான்சன்' ஆகியிருக்க வேண்டும். ஆனால் நகரங்களில் பெயர் முன்கூட்டியே உறையத் தொடங்கிவிட்டது, அவர் ஆண்டர்சனாகவே நின்றுவிட்டார். அம்மா பெயர் அன்னெ மரீ ஆண்டர்ஸ்தாட்டர். அப்பாவும் அம்மாவும் ஆண்டர்ஸ் பிள்ளைகளா, ஒரே வீடா என்று புதிதாக வருகிறவர் பதறுவார். அது வேறு ஆண்டர்ஸ், இது வேறு ஆண்டர்ஸ். அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே 1799-இல் பிறந்த ஒரு மகளும் உண்டு. அவளுக்குத் தகப்பன் வேறு. ஒரே வீட்டுக் கூரையின் கீழ் இத்தனை முடிச்சு.

கப்பல் ஏறியவர்களின் பெயர் இன்னும் மோசம். யென்சன் 'ஜான்சன்' ஆவார், நீல்ஸ் 'நெல்ஸ்' ஆவார், பேடர் 'பீட்டர்' ஆவார், கிர்ஸ்டன் 'கிறிஸ்டினா' ஆவாள். வெளிநாட்டுப் பெயரை அப்படியே டேனிஷ் ஏட்டில் தேடினால் கிடைக்காது.

ஊரைப் பிடிப்பது

இது வீட்டிலேயே தொடங்குகிற வேலை. பழைய பெட்டியை, பைபிளின் முதல் பக்கத்தை, கடிதங்களை, கல்லறைக் கல்லை, செத்தபோது பத்திரிகையில் வந்த துண்டுச் செய்தியைப் பாருங்கள். 'கோபன்ஹேகன் பக்கம்' என்று குடும்பத்தில் சொன்னால் நம்பாதீர்கள். நம்மவர் வெளிநாட்டில் போய் 'மெட்ராஸ்' என்று சொல்வதைப் போலத்தான் அதுவும், கேட்கிறவருக்குத் தெரிந்த ஊரைச் சொல்லியிருப்பார். 'ஸ்குட்ஸ்மோல்ஸ்போக்' என்று ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தால் குதித்துக் கொண்டாடலாம். வேலைக்காரர்கள் வைத்திருக்க வேண்டிய நன்னடத்தைப் புத்தகம் அது. 1832 முதல் 1921 வரை வழக்கில் இருந்தது. பிறந்த ஊர், வேலை பார்த்த வீடுகள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும்.

வீட்டில் ஒன்றும் இல்லையா? 1850-க்கும் 1930-க்கும் இடையில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் டென்மார்க்கை விட்டுப் போனார்கள், அதிலும் பெரும்பாலோர் அமெரிக்காவுக்கு. 1869 முதல் கோபன்ஹேகன் காவல்துறை இந்தப் பயணிகளைப் பதிவு செய்தது. பெயர், வயது, கடைசியாக இருந்த இடம், போகும் இடம் என்று இருக்கும். 1869 முதல் 1908 வரைக்குமான பதிவுகளை இணையத்திலேயே பெயர் போட்டுத் தேடலாம். கவனிக்க வேண்டியது, 'கடைசியாக இருந்த இடம்' பிறந்த இடமாக இருக்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகம் வழியாகப் போனவர்கள் இதில் இருக்க மாட்டார்கள், அவர்களை 1850 முதல் 1934 வரையான ஹாம்பர்க் பயணிகள் பட்டியலில் தேட வேண்டும். அமெரிக்காவில் அவர் போய்ச் சேர்ந்த டேனிஷ் லூத்தரன் சபையின் ஏட்டிலும் சில சமயம் பிறந்த ஊர் அப்படியே கிடக்கும்.

ஊர் என்று நான் சொல்வது 'ஸோக்ன்', அதாவது திருச்சபைப் பங்கு. சில ஸோக்ன் சேர்ந்து 'ஹேர்ரெட்', சில ஹேர்ரெட் சேர்ந்து 'ஆம்ட்'. கிராமம், வட்டம், மாவட்டம் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். மூன்றையும் சேர்த்தே எழுதி வையுங்கள், ஏனென்றால் ஒரே பெயரில் பல ஊர் உண்டு. வைல்பி என்ற பெயரில் ஓர்ஹூஸ் பக்கம் ஒன்று, ஃப்ரெடரிஸியா பக்கம் ஒன்று, ஃபூன் தீவில் ஒன்று. நம் புதூர், பள்ளிப்பட்டு போலத்தான். இன்னொன்று: டேனிஷ் அகரவரிசையின் கடைசியில் மூன்று கூடுதல் எழுத்துகள் உண்டு. இரட்டை 'ஏ'யில் தொடங்கும் ஓர்ஹூஸ் போன்ற ஊர்கள் பட்டியலின் முதலில் இருக்காது, அடியில் இருக்கும். என் முதல் வாரம் இதில்தான் போனது.

திருச்சபை ஏடு

மொத்தத் தேடலின் முதுகெலும்பு இதுதான். 'கிர்கெபோக்' என்பார்கள். பாதிரிகள் ஏடு எழுத வேண்டும் என்று 1645-இல் ஷெலான் தீவுக்கும் 1646-இல் நாடு முழுவதுக்கும் ஆணை போனது. ஆனால் எல்லா ஊரிலும் அந்தக் காலத்து ஏடு மிச்சமில்லை. பாதிரி வீடு தீப்பிடித்தால் ஏடும் போச்சு. அந்த பயத்தால்தான் 1814 முதல் இரண்டு பிரதி எழுதச் சொன்னார்கள். ஒன்று பாதிரியிடம், மற்றது கோயில் உதவியாளரிடம். இரண்டும் ஒரு இரவுகூட ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்று விதி! இதனால் நமக்கு ஒரு லாபம். ஒரு பிரதியில் கிறுக்கலாக இருக்கும் பெயர் மற்றதில் தெளிவாக இருக்கும். புரியவில்லை என்றால் உடனே இன்னொன்றைத் திறந்து பாருங்கள்.

டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகமான ரிக்ஸ்ஆர்கிவெட், 'ஆர்கிவாலியர் ஆன்லைன்' என்ற பெயரில் இந்த ஏடுகளின் படங்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. ஆம்ட், ஸோக்ன், ஆண்டு என்று தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

1814-க்குப் பிந்தைய ஏடு அச்சடித்த கட்டங்களோடு இருக்கும். பிறந்த ஆண்கள், பிறந்த பெண்கள், உறுதிபூசுதல் பெற்ற ஆண்கள், பெண்கள், திருமணம், இறந்த ஆண்கள், பெண்கள் எனத் தனித்தனிப் பகுதி. 'ஃபொட்' என்றால் பிறந்தது, 'டொப்ட்' ஞானஸ்நானம், 'வீயெட்' மணமானது, 'டொட்' இறந்தது, 'பெக்ராவெட்' அடக்கம். இந்த ஐந்து சொல் கண்ணில் பட்டாலே பாதி பக்கம் புரிந்துவிடும். குழந்தை பிழைக்குமோ என்ற பயத்தில் வீட்டிலேயே அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் 'யெம்மெடொப்ட்' என்று இருக்கும். 1875 வாக்கு வரை ஊருக்குள் வந்தவர், ஊரை விட்டுப் போனவர் பட்டியலும் பல ஏடுகளில் உண்டு. எந்த ஊரிலிருந்து வந்தார், எங்கே போனார் என்று அது சொல்லும். வேலைக்காரப் பிள்ளைகள் ஆண்டுதோறும் பண்ணை மாறிக்கொண்டே இருந்த நாடு அது. ஆள் திடீரென்று காணாமல் போனால் நான் முதலில் புரட்டுவது இந்தப் பட்டியலைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது உறுதிபூசுதல் பகுதி. 1736 முதல் அது கட்டாயம். 14, 15 வயதில் கோயிலில் நின்று வேதப் பாடத்தை ஒப்பிக்க வேண்டும், அதற்கப்புறம்தான் பெரிய ஆள். அந்த ஒரு வரியில் பிறந்த தேதி, பெற்றோர் பெயர், எங்கே குடியிருந்தான் என்பதோடு இன்னும் இரண்டு விஷயம் இருக்கும். அம்மை குத்திய தேதி ஒன்று. 1810 முதல் அம்மை குத்தாதவனுக்கு உறுதிபூசுதல் கிடையாது. இன்னொன்று, அறிவுக்கும் நடத்தைக்கும் பாதிரி போட்ட மதிப்பெண். நண்பரின் மனைவியுடைய கொள்ளுத்தாத்தாவுக்கு நடத்தைக்கு 'மிக நன்று', அறிவுக்கு வெறும் 'நன்று'. அந்த அம்மா இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பிறந்த பதிவைவிட இதை முதலில் தேடுங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வேன்.

1814-க்கு முன்னால் போகப் போக ஏடு மெலிந்துவிடும். பல பாதிரிகள் அப்பா பெயரை மட்டும் எழுதுவார்கள், அம்மா பெயரே இருக்காது. அப்போது 'ஃபாதெர்' எனப்படும் ஞானப்பெற்றோர் வரிசையைப் பாருங்கள். பிள்ளையை ஏந்தி நின்றவள் பெரும்பாலும் சித்தியோ அத்தையோவாக இருப்பாள். அவள் பெயரின் பின்பாதியும் அவள் ஊரும்தான் அம்மா வீட்டுக்குப் போகும் வழி.

தேதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஏட்டில் 'திரித்துவ ஞாயிறுக்குப் பின் 3-ஆம் ஞாயிறு' என்றுதான் இருக்கும். எந்தத் தேதி என்பதை நீங்கள் கணக்கிட வேண்டும், இணையத்தில் அதற்கு நாட்காட்டிகள் உண்டு. மாதத்தை 7, 8, 9, 10 என்ற எண்ணோடு ஒரு சிறு வால் போட்டு எழுதியிருந்தால் அது ஜூலை முதல் அல்ல. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர். லத்தீனில் அந்தப் பெயர்களுக்கு ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று பொருள்.

கையெழுத்து

பயமுறுத்தும் விஷயம் இதுதான், ஆனால் இரண்டு வாரத்தில் பழகிவிடும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை கோதிக் எழுத்தில் எழுதினார்கள். 'இ' என்ற எழுத்து 'என்' போலிருக்கும். 'யு' மீது ஒரு கொக்கி இருக்கும். 'எச்' மேலும் கீழும் வளைந்து பாம்பு போலிருக்கும். எழுத்தை ஒவ்வொன்றாகப் படிக்கப் பார்க்காதீர்கள். யென்ஸ், ஹான்ஸ், நீல்ஸ், கிர்ஸ்டன், மாரன் என்று பெயர்கள் ஒரு முப்பதுக்குள் அடங்கிவிடும். அந்தப் பாதிரியின் கையில் 'நீல்ஸ்' எப்படி இருக்கிறது என்று ஒரு தெளிவான வரியில் பார்த்துக்கொண்டு, அதை வைத்து மற்றதைப் படியுங்கள். 1890-களிலிருந்து பின்னோக்கி வந்தால் கண்ணும் மெதுவாகப் பழகும். நேரே 1750-க்குப் போய்விட்டு மனம் வெறுத்தவர்கள் பலர்.

மக்கள் கணக்கெடுப்பும் படைப் பட்டியலும்

பெயர் பெயராக எடுத்த கணக்கெடுப்பு 1787, 1801, 1834, 1840, 1845, அதன்பின் 5 அல்லது 10 ஆண்டுக்கு ஒருமுறை. வீட்டில் இருந்த எல்லோரும் இருப்பார்கள், வேலைக்காரப் பெண் வரை. 1845 முதல் பிறந்த ஊரும் உண்டு, ஆகவே முதலில் அதைப் பிடியுங்கள். பழைய கணக்கெடுப்புகளில் முடிந்த வயதை எழுதவில்லை, நடக்கிற வயதை எழுதினார்கள். 'இருபது முடிஞ்சு இருபத்தொண்ணு நடக்குது' என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, அந்தக் கணக்கு. ஒரு வருடம் உதைத்தால் பதற வேண்டாம்.

தொழில் பெயரிலேயே குடும்பத்தின் நிலை தெரியும். 'கோர்ட்மான்ட்' முழுப் பண்ணை உள்ளவர். 'ஹுஸ்மான்ட்' குடிசையும் துண்டு நிலமும் உள்ளவர். 'இன்டர்ஸ்ட' அடுத்தவர் வீட்டில் வாடகைக்கு ஒண்டியவர். 'ஆஃப்டெக்ட்' என்று எழுதியிருந்தால், பண்ணையைப் பிள்ளையிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் சோறும் இடமும் பெற்று உட்கார்ந்த கிழவர்.

ஆண்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கயிறு உண்டு, 'லெக்ட்ஸ்ருல', படைக்கு ஆள் எடுக்கும் பட்டியல். 1789 வாக்கில் தொடங்கிய இந்தப் பட்டியலில் குடியானவர் வீட்டு ஆண்பிள்ளையைப் பிறந்த உடனேயே அப்பா பெயரின் கீழ் சேர்த்துவிடுவார்கள். ஊர் மாறினால் பழைய எண்ணும் புதிய எண்ணும் இருக்கும், எண்ணைப் பிடித்துக்கொண்டே போகலாம். 1849 வரை குடியானவர்களுக்கு மட்டும்தான். ஆளின் உயரம்கூட இதில் கிடைக்கும்.

சொத்துப் பிரிவினை ஏடுகளும் உண்டு. படிக்கக் கடினம். ஆனால் கட்டிக்கொடுத்த மகள்கள், மருமகன்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடுவார்கள்.

வேறு வழியில் போக வேண்டியவர்கள்

கோபன்ஹேகன்காரர் என்றால், 1890 முதல் 1923 வரை காவல்துறை வைத்திருந்த முகவரிப் பதிவுத்தாள்களைத் தேடுங்கள். வீடு மாறிய ஒவ்வொரு முறையும் தேதியோடு இருக்கும்.

தெற்கு யூட்லாந்துக்காரர் என்றால் கவனம். 1864 போரில் டென்மார்க் தோற்றதால் அந்தப் பகுதி ஜெர்மன் அரசான பிரஷ்யா கைக்குப் போய், 1920-இல்தான் வடபாதி திரும்பி வந்தது. அந்தக் காலத்து ஆவணங்கள் ஜெர்மன் மொழியில் இருக்கும், 1874 முதல் பிறப்பு இறப்பை அரசு அலுவலகமே பதிந்தது. கப்பல் பட்டியலில் 'ஜெர்மானியர்' என்று இருப்பவர் வீட்டில் டேனிஷ் பேசியவராக இருக்கலாம்.

தரங்கம்பாடி வழி சொல்கிறவர்களும் உண்டு. 1620-இல் டேனிஷ் தரப்பில் ஓவெ கெத்தெயும் தஞ்சை இரகுநாத நாயக்கரும் செய்த ஒப்பந்தத்தில் தொடங்கி, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கும் வரை அது டேனிஷ் ஊர்தான். ஆனால் அங்கே இருந்தவர்கள் எல்லோரும் டேனிஷ்காரர்கள் இல்லை. 1706-இல் வந்த மிஷனரி சீகன்பால்கு ஜெர்மானியர். ஆளுநராக இருந்த பேடர் அங்கர் நார்வேக்காரர். 1814 வரை இரண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா. அதனால் 'டேனிஷ் பாட்டன்' என்று குடும்பத்தில் சொன்னால், அவர் பிறந்த ஏடு ஓஸ்லோவிலோ ஜெர்மனியின் ஏதோ ஒரு ஊரிலோ இருக்கலாம். ஐரோப்பியர்கள் போனது சீயோன் ஆலயம், மிஷன் சபை 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். எந்தச் சபை என்று முதலில் விசாரியுங்கள்.

எழுதி வைப்பதும் சாவைத் தேடுவதும்

கிடைத்த ஒவ்வொன்றுக்கும் ஆம்ட், ஹேர்ரெட், ஸோக்ன், ஏட்டின் ஆண்டுகள், பக்க எண், திரையில் தெரியும் பட எண் எல்லாவற்றையும் அப்போதே எழுதுங்கள். படத்தைத் தரவிறக்கி வைத்தால் மட்டும் போதாது, ஆறு மாதம் கழித்து அது எந்த ஊர் ஏடு என்று உங்களுக்கே தெரியாது.

இணையத்தில் யாரோ போட்டு வைத்த வம்சாவளி மரம் கிடைக்கும். பார்க்கலாம், நகல் எடுக்காதீர்கள்.

கடைசியாக, பிறந்த பதிவு கிடைத்ததும் சந்தோஷத்தில் மேலே ஏறாதீர்கள். அதே ஏட்டில் அடுத்த 5 ஆண்டு இறந்தவர் பகுதியைப் புரட்டுங்கள். ஒரு பிள்ளை செத்தால் அடுத்து பிறந்ததற்கு அதே பெயரை வைப்பது அங்கே வழக்கம். நான் ஒரு பையனைப் பிடித்து, அப்பா, தாத்தா, பாட்டன் என்று நான்கு தலைமுறை ஏறி, வரைபடம்கூட அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். அப்புறம் ஒருநாள் வேறு எதையோ தேடும்போது இறந்த ஆண்கள் பகுதியில் அவனே இருந்தான், வயது ஒன்றே முக்கால். பக்கத்துப் பண்ணையில் அதே பெயரில், அதே ஆண்டில் பிறந்த இன்னொரு பையன்தான் அமெரிக்கா போனவன். நண்பர் வீட்டுச் சுவரிலிருந்து வரைபடத்தைக் கழற்றி வாங்கி வந்து, 1845 கணக்கெடுப்பிலிருந்து மறுபடி தொடங்கினேன்.